கண்ணுக்குத் தெரிகிற வயர்

முருங்கன்
14.09.2003

அன்புள்ள தம்பி பரமநாதனுக்கு,

அக்கா வசந்தமலர் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். டொரண்டோவில் நீயும் வேலை முடிந்து வந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன்.

எங்கள் இன்டர்நெட் கடை திங்கட்கிழமை திறந்தாயிற்று! கம்பஸ் விடுதியில் ஒரே அறையில் இருந்த காலத்தில் நானும் குல்சூமும் ஒரு தேநீர்கூட ஒற்றுமையாகப் போட்டதில்லை. இப்போது ஒரு கடையே நடத்துகிறோம்.

நீ அனுப்பிய திட்டத்தை இருவரும் ஆறுதலாக வாசித்தோம். கூரையில் அன்டனா, வயரில்லாமல் இணைக்கும் பெட்டிகள். உன் படிப்புக்கு அது சரி. நாங்கள் அதை எடுக்கவில்லை, கோபிக்காதே. கடை சந்தியில் இருக்கிறது. ரோட்டோரத்தில் இருக்கக் கூச்சப்படும் பெண்களுக்காகப் பின்வளவில் குடியிருக்கும் அழகம்மா வீட்டு அறையிலும் இரண்டு கம்ப்யூட்டர் வைத்தோம். இரண்டுக்கும் நடுவே ஒரு நீல வயர் இழுத்தோம், அவ்வளவுதான்.

சமாதான காலம் என்றாலும் ஆமியின் காவல் சென்றி இன்னும் சந்தியில்தான். கூரையில் அன்டனா ஏறினால் கேள்வி வரும். "காத்தில போறதை ஆமிக்கு எப்பிடி விளங்கப்படுத்துறது? வயரெண்டால் தொட்டுக் காட்டலாம்" என்றாள் குல்சூம். உன் பெட்டி பழுதானால் கொழும்பிலிருந்து ஆள் வரவேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குத் திறமான பொருளைவிட, தாங்களே திருத்தக்கூடிய பொருள்தான் வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

ஆனாலும் திறப்பு நாளில் ஒரு சோதனை வந்தது. தொண்ணூறில் இயக்கம் முஸ்லிம்களை வெளியேற்றியபோது முசலியில் வீட்டைப் பூட்டக்கூட விடாமல் அனுப்பப்பட்ட குடும்பம் குல்சூமுடையது. அன்றுதொட்டுப் புத்தளத்தில். திரும்பி வர அவள் கணவருக்கு மனமில்லை. கடை சரிவராவிட்டால் அவளைப் புத்தளத்துக்கே கூட்டிக்கொண்டு போய்விடுவதாகச் சொல்லித்தான் வந்தார். கடையில் சனம் நிறைந்திருந்ததால் அவரை அழகம்மா வீட்டு அறையில் இருத்தி, கத்தாரில் இருக்கும் மகனுக்கு எழுதச் சொன்னோம். எழுதி முடித்து அனுப்பப்போனால் இணைப்பு இல்லை!

அவர் பையைத் தூக்கினார். குல்சூம் என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை. நான் வயரைப் பார்த்துக்கொண்டே பின்வளவுக்கு ஓடினேன். அங்கே அழகம்மா துவைத்த சேலையெல்லாம் வரிசையாக எங்கள் வயரில் காய்கிறது! பாரத்தில் முனை கழன்றுவிட்டது. "இம்புட்டு நீளமா கொடி கட்டிக் குடுத்திருக்கீங்களேன்னு சந்தோசப்பட்டேனே டீச்சரம்மா" என்றாள்.

பின்னால் வந்த குல்சூமின் கணவர் வளவு முழுக்கக் கேட்கச் சிரித்தார். பையைக் கீழே வைத்துவிட்டு, தானே ஏணியில் ஏறி வயரை உயர்த்திக் கட்டினார். நான் முனையைச் செருகினேன். கடிதம் போனது. அவர் தேநீர் குடித்து முடிக்குமுன் மகன் பதில் போட்டுவிட்டான்: "வாப்பா, நீங்க முருங்கனிலயா? உம்மா சிரிக்கிறாவா?"

அதை அவர் திரும்பத் திரும்ப வாசித்தார். பிறகு குல்சூமிடம், இங்கே வாடகைக்கு வீடு கிடைக்குமா என்று கேட்டார்.

தம்பி, அவர்களுடைய முசலி வீடு காடாகிக் கிடக்கிறது. நம் வீட்டின் முன்பாதி, உன் பங்கு, பூட்டியே கிடக்கிறது. நீ கலியாணம் முடித்து வந்து இருப்பாய் என்று அம்மா ஒதுக்கியது. அதைக் குல்சூம் குடும்பத்துக்குக் கொடுப்போமா? உன் கட்டிலையும் புத்தகங்களையும் என் பக்கத்துக்கு எடுத்துக்கொள்கிறேன், ஒன்றும் தவறாது. ஓம் என்று ஒரு சொல் எழுது, போதும்.

நீ இருக்கிற தேசத்தில் உனக்கும் யாராவது இப்படிக் கதவு திறக்கட்டும்.

என்றும் உன் அக்கா,
வசந்தமலர்