வேனில் எழுதியிருக்கிற நம்பர்

தென்காசி
நவம்பர் 11

அன்பு மகன் பென்னிக்கு அம்மா எழுதுவது. முழங்கால் ஒன்றைத் தவிர மற்றபடி கர்த்தர் என்னைச் சுகமாகவே வைத்திருக்கிறார். உன்னையும் அந்தக் குளிரில் அப்படியே காக்கும்படி காலையும் மாலையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். போனில் பேச ஆரம்பித்தால் ஒரு நிமிஷம்மா என்று வைத்துவிடுகிறாய், அந்த ஒரு நிமிஷம் முடிய நாலு நாள் ஆகிறது. அதனால்தான் இதைக் காகிதத்தில் எழுதி, வியாழக்கிழமை லண்டனுக்குப் புறப்படுகிற நம் சபை ஜோஷ்வாவிடம் முந்திரிக்கொத்துப் பலகாரத்தோடு சேர்த்துக் கொடுத்துவிடுகிறேன். வாசிக்கிறபோதாவது பாதியில் வைத்துவிடாதே.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். செப்டம்பரில் நீ கூப்பிட்டு, கம்பெனிய விட்டுட்டேம்மா என்றாய், மீதியைச் சொல்வதற்குள் லைன் கட்டாகிவிட்டது. பத்து வருஷம் பார்த்த வேலை போய்விட்டதே என்று எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஜெப விண்ணப்பச் சீட்டு எழுதிப் போட்டேன், போதகரும் அயல்தேசத்தில் வேலையிழந்து தவிக்கும் நம் தம்பி பென்னிக்காக என்று சபை முழுக்கக் கேட்க ஜெபித்துவிட்டார். அந்த வாரம் முழுக்கத் துக்கம் விசாரிக்கிற மாதிரி ஆள் வந்துகொண்டே இருந்தது. பக்கத்து வீட்டு ஹைருன் பீவி தூக்குவாளி நிறையக் கறிக்குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டு, அழாதிய சிஸ்டர், அவன் கையில தொழில் இருக்கு, எங்கன போனாலும் பொழைச்சிக்கிடுவான் என்றாள். ஆஸ்பத்திரி நர்ஸ் வேலையிலிருந்து நான் ரிட்டயர் ஆகி ஏழு வருஷம் ஆகியும் அவளுக்கு நான் இன்னும் சிஸ்டர்தான். பிறகு ஆலங்குளத்திலிருந்து உன் அக்கா கிருபா போன் போட்டு, எம்மா, அவனா வேலைய விட்டுட்டு சொந்தமா தொழில் ஆரம்பிச்சிருக்கான், வேனெல்லாம் வாங்கிட்டான், நீங்க எதுக்கு ஊரக் கூட்டுதிய என்று சத்தம் போட்டாள். அடுத்த ஞாயிறு கர்த்தருக்கு நன்றி சொல்லி ஸ்தோத்திரச் சீட்டு எழுதிப் போட்டேன், அதை வாசித்தபோது பின்வரிசையில் சிரித்தார்கள். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. நன்றாக இருக்கிற பிள்ளையின் தாயாரை விசாரிக்க எவர் வருவார்கள். உண்மையைச் சொன்னால், நீ வேலையிழந்திருந்த அந்த ஒரு வாரம் எனக்கு வீடு நிறைந்திருந்தது.

வேன் படத்தைக் கிருபா காட்டினாள். பென்னி எபனேசர் என்று அப்பா பெயரையும் சேர்த்து எழுதியிருக்கிறாய். அவர் போய் மூன்று வருஷம் ஆகிறது, இருந்திருந்தால் அந்தப் படத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் காட்டிவிட்டு வந்திருப்பார். பாய்லர் வேலை என்றால் இங்கே எல்லாரும் டீக்கடை பாய்லரா என்கிறார்கள். வீட்டுச் சுவரோரம் இரும்புத் தகடு மாட்டி, அதற்குள் சுடுதண்ணீர் ஓடவிட்டு அறையையே சூடாக்குகிற வேலை என்று சொன்னால் நம்புவதில்லை. குற்றாலத்தில் அருவியில் நின்று குளித்துவிட்டு லாட்ஜுக்கு வந்ததும் வெந்நீர் கேட்கிறார்களே, அந்த ஊரில் அத்தனை பேரும் அப்படித்தான் என்று சொல்லிவைத்தேன். வாசுதேவநல்லூரிலிருந்து உனக்குப் பெண் விஷயமாக வந்தவர், மாப்பிள்ளை எந்தக் கம்பெனி என்றார். சொந்தமாக என்றேன். காப்பியைக் குடித்துவிட்டுப் போனவர்தான். போகட்டும். ஆனால் கேஸில் எரிகிற பாய்லர் வேலைக்கு இனித் தனியாகப் போகிறாய், வேலை முடிந்ததும் ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டுக் கிளம்பு. தீக்காயம் எத்தனையோ பார்த்தவள் நான், அதனால் சொல்கிறேன்.

கிறிஸ்மஸுக்கு நீ வரவில்லை என்பதையும் கிருபாதான் சொன்னாள். கம்பெனியில் ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் முறை வைத்து லீவு கொடுத்தார்கள், இந்த வருஷம் உன் முறை. இனி முறையே கிடையாது, குளிர்காலத்தில்தான் பாய்லர் பழுதாகி நிற்கும், கூப்பிட்ட வீட்டுக்கு நான் போகாவிட்டால் வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்வார்கள் என்று அவளிடம் சொல்லியிருக்கிறாய். என்னிடம் சொல்ல உனக்கு வாய் வரவில்லை. கோபத்தில் இரண்டு நாள் அவளோடும் பேசாமல் இருந்தேன். பிறகு உன் ஏழு வயது நினைவுக்கு வந்தது. அந்தக் கிறிஸ்மஸுக்கு எனக்குப் பிரசவ வார்டில் டூட்டி. நாலு மணிக்கு வந்து பார்த்தால் நீ புதுச்சட்டையோடு நடையில் உட்கார்ந்திருக்கிறாய், அப்பா ஊட்ட வந்தும் சாப்பிடவில்லை. அவங்களுக்கு வேற நர்ஸே இல்லையாம்மா என்று கேட்டாய். நான் சோற்றைப் பிசைந்தேன். இப்போது அதே கேள்விதான் என் வாயில் வருகிறது, கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. ஜூலையில் அங்கே யாருக்கும் சூடு வேண்டியிருக்காது என்கிறார்கள், சாரல் விழுகிற சமயத்தில் வா. கிறிஸ்மஸ் நட்சத்திரத்தை அதுவரைக்கும் இறக்காமல் வைக்கிறேன், சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

இன்னொன்று சொல்ல வேண்டும், சொல்ல வெட்கமாக இருக்கிறது. வேன் படத்தில் இருந்த உன் தொழில் போன் நம்பரை எழுதி வைத்துக்கொண்டேன். உன் சொந்த நம்பருக்குப் போட்டால் முழுக்க அடித்து ஓய்ந்துவிடும், வேன் நம்பருக்குப் போட்டால் இரண்டாவது மணியில் எடுக்கிறாய். குட்மார்னிங் சொல்லி, என்ன உதவி வேண்டும் என்று இங்கிலீஷில் எவ்வளவு பணிவாகக் கேட்டாய். வேலை நேரத்தில் தொந்தரவு பண்ணிவிட்டோமே என்று எனக்கு நாக்கு எழவில்லை, வைத்துவிட்டேன். மறுநாளும் போட்டேன், அதற்கு மறுநாளும் போட்டேன். அந்த இரண்டு நாளும் பேசுவதற்காகப் போடவில்லை, உன் குரலைக் கேட்கத்தான். நாலாம் நாள் மணியே அடிக்கவில்லை. யாருக்கோ நடந்த மாதிரி கிருபாவிடம் கேட்டேன். இந்தியாவிலேருந்து கூப்பிட்டுப் பேசாம வச்சா ஏமாத்துக்காரன்னு பிளாக் பண்ணிருவாங்கம்மா என்றாள். ஏலே, அந்த ஏமாற்றுக்காரி நான்தான்.

நீ தொடுகிற வேலையெல்லாம் கர்த்தர் கைகூடப் பண்ணட்டும், நீ ஏறி இறங்குகிற வீடுகளில் உன்னைப் பத்திரமாக வைக்கட்டும். வயிற்றைக் காயப்போடாதே. முந்திரிக்கொத்தைப் பிரித்ததும் முதல் வேலையாக அந்த போனில் பிளாக்கை எடுத்துவிட்டு, அம்மா என்று பெயர் போட்டு வை. கிறிஸ்மஸ் அன்று மதியம் ஒரு மணிக்கு, அங்கே உனக்குக் காலை ஏழரை, நான் வேன் நம்பருக்குத்தான் போடுவேன். இங்கே எதுவும் பழுதாகவில்லை. இருந்தாலும் எடு.

இப்படிக்கு உன் அம்மா
ஞானபாக்கியம்