பதினேழாம் பெட்டியில் இருக்கும் சூர்

அனுப்புநர்:
ஜீபெக் ஓரோஸ்பாயெவா,
எலும்பு ஆய்வாளர், அகழாய்வுக் கூடம்,
கோக்-சாய்.

பெறுநர்:
தலைமைச் சுகாதார அலுவலர் அவர்கள்,
கோக்-சாய் மாவட்டம்.

பொருள்: முத்திரையிட்ட எலும்புப் பெட்டிகளை எரிக்காதிருக்கவும், நான் மறைத்த ஒன்றுக்காக உடனே மருத்துவரை அனுப்பவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நேற்றுக் காலை தங்கள் ஆய்வாளர் ஜமீர் அவர்கள், கொள்ளைநோய் அச்சம் என்று எங்கள் நாற்பத்தொரு பெட்டிகளுக்கும் முத்திரை வைத்தார். நாளை எரிப்பார்களாம். "செத்த எலிக்கு இம்புட்டுப் பெட்டியாம்மா? வேற வேலையே இல்லையா?" என்றும் கேட்டார்.

2. நாற்பது பெட்டிகளில் இருப்பவை மூவாயிரம் ஆண்டுக்கு முந்தைய வயலெலி, மூஞ்சூறு எலும்புகள். ஆறு கோடைகளாக மண்ணை அலசி, சலித்து, ஈரத் தூரிகை நுனியால் பொறுக்கியவை. சில பற்கள் சீரகத்தைவிடச் சிறியவை. அவற்றில் நோய் தங்க வழியில்லை.

3. பதினேழாம் பெட்டி மட்டும் வேறு. பழைய எலும்பை அடையாளம் காண, இன்றைய விலங்கின் எலும்பைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எங்கள் தொழில் வழக்கம். வளை தோண்டி வாழும் கொழுத்த மலை அணிலான சூரின் எலும்பு எங்களிடம் இல்லை. மேய்ச்சல் மேட்டில், வளையருகே செத்துக் கிடந்த ஒன்றைச் சனிக்கிழமை எங்கள் ஓட்டுநர் சகின் கொண்டுவந்தார். செத்த சூரைத் தொட்டால் கொள்ளைநோய் ஒட்டும் என்று இங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஆசை என் கண்ணை மறைத்தது. அவர் உரித்தார்; நான் வேகவைத்து எலும்பெடுத்தேன். அந்த வாடையில்தான் ஜமீர் அவர்களுக்குச் சந்தேகம் வந்தது. "எல்லாமே பழசுதாங்க" என்று வாய்கூசாமல் சொன்னேன். அதனால் எல்லாப் பெட்டியும் மாட்டிக்கொண்டது.

4. சகின் அதன் கொழுப்பை உருக்கி வீட்டுக்கு எடுத்துப் போனதை இன்றுதான் அறிந்தேன். நான்கு வயது மகள் அய்தாய்க்கு நெஞ்சுச் சளி, மார்பில் தடவியிருக்கிறார். நம் ஊரில் யார் வீட்டில் தடவவில்லை? நேற்று மாலை முதல் சகினுக்குக் காய்ச்சல், அக்குளில் கட்டி. குழந்தை அவர் மடியைவிட்டு இறங்கவில்லையாம். "அக்கா, வெளிய சொல்லிராதீங்க, வேலை போயிரும்" என்று தொலைபேசியில் அழுதார்.

5. தங்கள் அலுவலகத்தை ஒன்பது முறை அழைத்தேன். "எழுதிக் குடுங்க, அப்புறம் பாக்கலாம்" என்றார்கள். எழுதிவிட்டேன். எனக்கும் உடம்பு சுடுகிறது. பயத்தாலா, நோயாலா தெரியவில்லை. அதனால் நேரில் வராமல் கூடத்தை உட்புறமாகப் பூட்டிக்கொண்டு மின்னஞ்சலில் அனுப்புகிறேன்.

6. சகின் வீடு ஆலைத் தெருக் கடைசி, நீலக் கதவு. குற்றம் எழுத வேண்டுமென்றால் என் பெயரை மட்டும் எழுதுங்கள். பதினேழாம் பெட்டியை எரித்துவிடுங்கள். மற்றவற்றைப் பிரிக்க நேரமில்லையென்றால், ஐயா, அவற்றையும் எரித்துக்கொள்ளுங்கள். முதலில் அந்த வீட்டுக்கு வண்டி போகட்டும்.

இடம்: கோக்-சாய்
நாள்: 14.08.2025, வியாழன், காலை 10.40

இப்படிக்கு,
பதிலுக்காகக் கதவருகே காத்திருக்கும்,
ஜீபெக் ஓரோஸ்பாயெவா