தொடாமல் இருக்கப் பழகியவள்

மார்ச் 4

நான் வேலைபார்க்கும் கண்ணாடிக் கடையில் இன்று ஒரு பெரியவருக்குப் புதுக் கண்ணாடியைக் காதில் மாட்டிச் சரிபார்த்தேன். என் விரல் அவர் கன்னத்தில் பட்டது. சுரீரென்று எரிந்தது எனக்கு. அவர் "நல்லா தெரியுதும்மா" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

குளிர்காலத்திலிருந்து இதே கதைதான். சட்டைக்கை உரசினால் எரிகிறது, போர்வை பட்டால் எரிகிறது, மின்விசிறிக் காற்றுகூட. தோலில் பார்த்தால் ஒரு புள்ளி கிடையாது.

மார்ச் 9

தோல் டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "ஒண்ணுமே இல்லையேம்மா" என்றார். ஒன்றுமில்லாததற்கு ஒரு களிம்பும் எழுதிக்கொடுத்தார்.

மார்ச் 10

களிம்பும் எரிகிறது.

மார்ச் 21

நாத்தனார் வந்திருந்தாள். "உடம்புல தெம்பே இல்ல அண்ணி, அதான் இப்படி" என்று ஒரு பாட்டில் சத்து மாத்திரையைக் கையில் திணித்தாள். என் மகள் குட்டி பிறந்ததிலிருந்து நான் விடாமல் போடுவது ஒன்று, போன வருஷம் என் கணவர் வாங்கித்தந்தது ஒன்று, இப்போது இது. ஆசையாகக் கொடுப்பதை எப்படி வேண்டாமென்பது? வாயில் போட்டுக்கொண்டேன்.

ஏப்ரல் 2

பள்ளியிலிருந்து குட்டி ஓடிவந்தாள். ஓரடி தள்ளி நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "அம்மா, நான் தொடல" என்றாள்.

போன வாரம் கழுத்தைக் கட்டிக்கொண்டபோது நான் அலறிவிட்டேன். அவ்வளவுதான். அன்றிலிருந்து தூங்கும்போது என் பின்னல் நுனியை மட்டும் பிடித்துக்கொள்கிறாள். "முடிக்கு வலிக்காதுல்ல?" என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொண்டாள்.

நாலு வயசுல இவ்வளவு விவரம் எதுக்குடி உனக்கு? அடம்பிடிச்சு, மேல விழுந்து புரள வேண்டிய பிள்ளை, விருந்தாளி மாதிரி நடந்துக்குது. எனக்கு எரியறது எரிஞ்சுட்டுப் போகட்டும். இவ இப்படியே பழகிட்டா? பயமா இருக்கு.

ஏப்ரல் 16

ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாம். இன்னொரு டாக்டர் "டென்ஷனைக் குறைச்சுக்கோங்க" என்றார். வெளியே வந்து என் கணவரிடம், "நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீங்களா?" என்றேன். ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் "சேச்சே" என்றார். அந்த ஒரு நொடிக்காக வீடு வரும்வரை முகம் கொடுத்துப் பேசவில்லை நான்.

மே 7

நரம்பு டாக்டர் ஒரு பெண். பஞ்சால் முழங்கையைத் தொட்டார், துள்ளிவிட்டேன். "உங்களுக்கு வலிக்குது, அதுல சந்தேகமே இல்ல. எதனாலன்னு பார்ப்போம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அங்கேயே அழுதேன்.

வீட்டில் சாப்பிடும் எல்லா மாத்திரையும் வேண்டுமாம். "சத்து மாத்திரை, டானிக், ஒண்ணு விடாம."

மே 9

மாத்திரைப் பையை நரம்பு டாக்டர் மேஜையில் கவிழ்த்தோம். பாட்டில்களைத் தூரப்பிடித்துப் படித்தார் — அவர் கண்ணாடியை மாற்றச் சொல்லலாமா என்று எனக்கு வாய்வரை வந்தது. "மூணுலயும் அதே வைட்டமின் பி6. ஒவ்வொண்ணுலயும் தேவைக்கு மேல இருக்கு. அளவு மீறினா இதுவே நரம்பைக் கெடுக்கும்" என்றார். மூன்றையும் நிறுத்தச் சொல்லி, ரத்தம் எடுத்தார்கள்.

மே 15

ரத்தத்தில் அந்த பி6 பல மடங்கு. அதேதான் காரணம்.

"முழுசா சரியாகுமா?" என்று கேட்டேன். பெரும்பாலும் ஆகுமாம், மாசக்கணக்கில் பொறுத்திருக்க வேண்டுமாம். என் கணவர் முகம் செத்துப்போயிற்று. "நான் வாங்கிக் கொடுத்ததுதானே..." என்றார். "எல்லாரும் சேர்ந்து பாசத்தைக் கொட்டி என்னை வறுத்தெடுத்துட்டீங்க" என்றேன். சிரிப்பார் என்று பார்த்தால் கண் கலங்கிவிட்டார். நாத்தனார் போனில் ஒரே அழுகை. அவளுக்கும் நான்தான் ஆறுதல் சொன்னேன். நல்ல கூத்து.

ஜூன் 30

ஒரு மாற்றமும் இல்லை.

ஆகஸ்ட் 12

விடிந்து பார்த்தால் கழுத்துவரை போர்வை. போர்த்திக்கொண்டே தூங்கியிருக்கிறேன்!

ஆகஸ்ட் 20

குட்டியைக் கூப்பிட்டுக் கையை நீட்டினேன். "இப்ப தொடலாம், வா." ஒற்றை விரலை வைத்து எடுத்தாள். "சுடுதா?" "இல்லடி செல்லம்." என் முகத்தையே பார்த்தாள். நம்பவில்லை. "நாளைக்குத் தொடறேம்மா" என்று போய்விட்டாள்.

உடம்பு திரும்புது, பிள்ளை திரும்பலையே.

அக்டோபர் 5

மாலையில் குட்டி கத்தரிக்கோலும் கையுமாகத் திரைச்சீலை பக்கம் போனாள். கத்தரிக்கோலைப் பிடுங்கி உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். "குடு! என்னோடது! குடு!" என்று பாய்ந்தாள். கையில் தொங்கினாள், இடுப்பில் ஏறினாள், முழங்காலில் உதைத்தாள், போதாக்குறைக்கு ஒரு கடி. "ஏய் ராட்சசி, இறங்குடி!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். எத்தனை நாளாயிற்று இவளைத் திட்டி!

என் கணவர் சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தார். "குட்டி, அம்மாவைத் தொடாதே!"

"நீங்க உள்ள போங்க. நாங்க சண்டை போட்டுட்டு இருக்கோம்."

முழங்கையில் கொஞ்சம் எரிந்தது. எரியட்டும். கத்தரிக்கோலை மட்டும் கடைசிவரை நான் கொடுக்கவில்லை.