இரண்டு மாரியப்பன்

7.4.2003, திங்கள்
எட்டரைக்கே வெயில் முதுகில் ஏறியது. திருத்தங்கல் வரை பஸ்ஸில் நின்றபடியே. ஆபீஸ் ஃபேன் சுற்றுகிறது, காற்று மட்டும் வரவில்லை.

மார்ச் டிரயல் பேலன்ஸ் முடிந்தது. பற்றுப் பக்கமும் வரவுப் பக்கமும் பைசா சுத்தமாக ஒன்று. இந்தப் பட்டாசுக் கம்பெனிக்குக் கணக்கு எழுத வந்து பத்தொன்பது வருஷம். முதல் தடவையிலேயே நேரானது இது மூன்றாவது முறை. "தனம் போட்டா நேராத்தான இருக்கும்" என்றார் முதலாளி. வீடு வரை அதே நினைப்பு.

வாங்க: து. பருப்பு ½, அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை, ரீஃபில் 2.

8.4, செவ்வாய்
மத்தியானம் சாத்தூர் மாரியப்பன் வந்தார். எங்களுக்கு அட்டைப்பெட்டி போடுபவர். கையில் நாங்கள் அனுப்பிய கடிதம். 'உங்களுக்குத் தர வேண்டிய பாக்கி இவ்வளவு, சரிதானா' என்று இந்த வருஷம் எல்லாருக்கும் எழுதச் சொல்லியிருந்தார் ஆடிட்டர்.

"யம்மா, பதினாலாயிரத்து அறுநூறு கூடக் காட்டுதீகளே. அத நான் போன வருசம் மார்ச்சுலயே செக்கா வாங்கிட்டேன்லா."

"நோட்டுல ஏறலையே அண்ணே."

"ஒங்க நோட்டுல ஏறலைன்னா என்ன, எனக்குச் செலவாயிப் போச்சே" என்று சிரித்தார். பாஸ் புத்தகத்தையும் காட்டினார். சும்மா இருந்திருந்தால் இன்னொரு தடவை வாங்கியிருக்கலாம். நல்ல மனுஷர்.

அவர் போன பிறகு பழைய பேரேட்டை எடுத்தேன். அந்தச் செக் இன்னொரு மாரியப்பன், எம். புதுப்பட்டிக்காரர் கணக்கில். என் கையெழுத்து. தொகை சரி, பக்கம் சரி, ஆள்தான் தப்பு. அதனால்தான் போன வருஷமும் எல்லாம் நேராக இருந்தது.

தயிர்சாதம் நாய்க்கு.

9.4, புதன்
எழுதிவிட்டாலாவது.

போன ஏப்ரல். எம். புதுப்பட்டி மாரியப்பன் வெடிக்கான காகிதக் குழாய் கொடுப்பவர். அவர் தெருவில் பன்னிரண்டு வீட்டுப் பெண்கள் சுருட்டுவார்கள். சேர்த்து எங்களுக்குக் கொண்டுவந்து, பணம் வாங்கி, கூலியைப் பிரித்துக் கொடுப்பார். பாக்கியில் 14,600 குறைகிறது என்று வந்து நின்றார்.

"செக்கு குடுத்தாச்சே" என்று பேரேட்டைக் காட்டினேன்.

"நான் வாங்கலம்மா. இன்னொரு தடவ பாருங்க."

"கணக்கு நேராயிருச்சு அண்ணே. ஒரு பைசா இடிக்கல. தப்பிருந்தா இடிச்சிருக்கும்லா."

அவரோடு வந்த இரண்டு பெண்களும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அவர் முகத்தைத்தான் பார்த்தார்கள், பேரேட்டை இல்லை.

செக் அடிக்கட்டையில் 'சாத்தூர்' என்று இருக்கிறது. இன்று பார்த்தேன். அந்த அலமாரி என் நாற்காலியிலிருந்து நாலு எட்டு. அன்றைக்கு எழுந்திருக்கவில்லை.

பிளஸ் டூவில் படித்ததுதான். ஒருவர் கணக்கில் எழுத வேண்டியதை இன்னொருவர் கணக்கில் எழுதினால் இருப்பாய்வு, அதாவது டிரயல் பேலன்ஸ், காட்டிக்கொடுக்காது. ஐந்து மார்க் கேள்வி. ஐந்தும் வாங்கினேன்.

பிறகு அவர் வரவில்லை. குழாய்க்கு வேறு ஆள் வந்தார். நானும் நினைக்கவில்லை.

10.4, வியாழன்
முதலாளியிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பணத்தக் குடுத்துருவோம். ஆனா நம்ம தப்புன்னு எதுக்கு ஊருக்குள்ள சொல்லணும்? நாளப்பின்ன ஒவ்வொருத்தனும் நோட்டக் காட்டும்பான்."

"நானே கொண்டுபோறேன் முதலாளி."

"போ. குடுத்துட்டு வந்துரணும்."

செக் எழுதினேன். அடிக்கட்டையில் ஊர்ப் பெயரை இரண்டு தடவை அடிக்கோடிட்டேன்.

11.4, வெள்ளி
அரைநாள் லீவு. எம். புதுப்பட்டி.

மாரியப்பன் இல்லை. பத்து மாதமாகத் திருப்பூரில், பனியன் கம்பெனி வாட்ச்மேன். மனைவி காளியம்மாள் மட்டும். சொல்லி முடிக்கும்வரை நின்றே கேட்டாள்.

"கூலிய முழுங்கிட்டாகன்னு தெருவே பேசுச்சு. அவுக கூடப்பிறந்த தங்கச்சி பேச்சிதான் மொதல்ல மண்ண வாரித் தூத்துனா. பொறவு ஆட்ட வித்து, என் காதுத் தோட்ட வித்து, எல்லாருக்கும் குடுத்துத் தீத்தாக. அதுக்கும் பேசுனாக, முழுங்குனதக் கக்கிட்டான்னு."

செக்கை நீட்டினேன். வாங்கவில்லை.

"இத நான் வீட்டுக்குள்ள வாங்குனா யாருக்கு என்னக்கா தெரியும்? வெளிய வந்து சொல்லுங்க."

தெருவில் தண்ணீர் வருகிற நேரம். குடத்தோடு எட்டுப் பத்துப் பெண்கள். முதலாளி சொன்னது ஞாபகம் இருந்தது. சொல்லிவிட்டேன். அவர் பணம் வாங்கவில்லை, நான் ஆள் மாற்றி எழுதிவிட்டேன், பார்க்கச் சொன்னபோதும் பார்க்கவில்லை.

"அப்பம் அந்த மனுசன் எடுக்கவே இல்லியா?" என்றாள் ஒருத்தி.

குடம் நிறைந்து வழிந்தது. யாரும் நகர்த்தவில்லை. காளியம்மாள் அப்போதுதான் கையை நீட்டிச் செக்கை வாங்கினாள்.

12.4, சனி
காளியம்மாள் கொடுத்த நம்பருக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து. மாரியப்பனைக் கூப்பிட்டு வர ஆறு நிமிஷம். சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன்.

"தெருவுல சொல்லையில யாரு யாரு இருந்தாக?"

தெரிந்த பெயர்களைச் சொன்னேன்.

"பேச்சி இருந்தாளா?"

"இல்லண்ணே. வேலைக்குப் போயிருந்தாகளாம்."

"அவகிட்டச் சொல்லுங்கம்மா."

"நீங்க எப்ப ஊருக்கு வாரீக?"

"அவகிட்டச் சொல்லுங்க." வைத்துவிட்டார்.

முதலாளிக்குச் சேதி எட்டிவிட்டது. "க்ளோசிங் முடியட்டும், பேசுவோம்" என்றார், என் முகம் பார்க்காமல். திருத்தப் பதிவு எழுதினேன். இரண்டே வரி. டிரயல் பேலன்ஸ் கூட்டுத்தொகை ஒரு ரூபாய்கூட மாறவில்லை.

13.4, ஞாயிறு
ஒன்பது மணி பஸ். பேச்சி வீட்டில் இருந்தாள். வாசலில் துணி துவைத்துக்கொண்டு. நகக்கண்ணில் வெள்ளை வெள்ளையாக வெடிமருந்துப் பொடி.

சொன்னேன்.

"ஊரவிட்டுப் போகையில அண்ணன் இந்த வாசல்ல வந்து நின்னாக" என்றாள். "நான் கதவச் சாத்திட்டேன்."

உட்காரச் சொல்லவில்லை. நானும் கிளம்பவில்லை. கையைச் சேலையில் துடைத்தாள்.

"அந்தப் போன் நம்பரு இருக்கா?"

எழுதிக் கொடுத்தேன். வாசிக்கத் தெரியாதாம். ஒவ்வொரு எண்ணாகச் சொல்லச் சொன்னாள். மூன்று தடவை சொன்னேன்.