சார்ஜ் நிற்காத பேட்டரி

14 மார்ச் 2006, செவ்வாய்.

ஜீப் பேட்டரி மூன்றாவது முறையாக இறங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தவிர நான் அந்த வண்டியைத் தொடுவதே இல்லை. வங்காளி மெக்கானிக் என் நல்ல பேட்டரியை எடுத்துக்கொண்டு பழையதை மாட்டிவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அதில் நான் ரகசியமாகக் கீறி வைத்திருந்த அடையாளம் அப்படியே இருந்தது. அவன் சிரித்தான்.

"பேட்டரி டீக் ஹை, பாய், நல்லாத்தான் இருக்கு. யாரோ டெய்லி ஸ்டார்ட் பண்ணி உடனே பந்த் பண்றாங்க. அப்படிச் செஞ்சா சார்ஜ் இறங்கத்தான் செய்யும்."

சாவி வீட்டுக்குள்தான் தொங்குகிறது. பகலில் வீட்டில் இருப்பது என் மனைவி செல்வியும் குழந்தையும் மட்டும். இன்று சொல்லாமல் கொள்ளாமல், அக்கரையில் நான் வேலை பார்க்கும் சாத்தமிலிருந்து மதிய ஃபெரியில் பாம்பூஃப்ளாட்டில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பினேன்.

செல்வி ஜீப்பில் உட்கார்ந்திருந்தாள். ஸ்டார்ட் செய்தாள். உடனே நிறுத்தினாள். அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்ததே நான்தான். பக்கத்து சீட்டில் ஒரு பை இருந்தது. பறித்துத் திறந்தேன். ரேஷன் கார்டு, தண்ணீர் பாட்டில், அவள் புடவை, குழந்தையின் துணி. என்னுடையது ஒன்றுமில்லை.

"எங்க கிளம்புற? யாரு கூட?"

அவள் கோபப்படவில்லை. "மேட்டுக்குத்தான். சுனாமி அன்னிக்குக் கடல் ஏறுனப்ப இது ஸ்டார்ட்டே ஆகலல்ல? அதான் தினமும் பாத்து வைக்கிறேன்."

"என் சட்டை எங்க?"

"நீங்க அந்தக் கரையிலதான இருப்பீங்க."

சரியாகத்தான் சொன்னாள். தினமும் காலை எட்டு மணி ஃபெரியில் நான் போய்விடுகிறேன். இருந்தாலும் ஒரு சட்டை என்ன அவ்வளவு கனமா?