மீட்டரில் கூடிய முப்பது

மார்ச் 4
நான் செய்த பச்சை லேசரை மூன்றாவது முறையாகப் பிரித்தேன். கைக்குள் அடங்கும் பித்தளைக் குழல். தம்பி தன் கடிகாரக் கடையில் கடைந்து கொடுத்தது. முன்முனையில் மிளகளவு வடிகட்டிச் சில்லு ஒன்று உண்டு. அதை எடுத்துவிட்டுப் பார்த்தால் ஒளியின் சக்தியை அளக்கும் மீட்டர் அறுபதிலிருந்து தொண்ணூறுக்கு ஏறுகிறது! கைதட்டியே விட்டேன். “டீச்சருக்கு யாரு பிரைஸ் குடுத்தது?” என்று அடுத்த அறையிலிருந்து இவர்.

மார்ச் 5
ஸ்டீல் ஸ்கேலில் கறுப்புக் காகிதம் ஒட்டி லேசரால் துளைத்துப் பார்த்தேன். நான்கே நொடி. பச்சையைத் தடுக்கும் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான்.

மார்ச் 6
தம்பி வந்தான். “அக்கா, இது ஒரு வாரம் எங்கிட்ட இருக்கட்டும். கடைக்கு வர்றவங்களுக்கு எங்கக்கா செஞ்சதுன்னு காட்டணும்.” பெருமையாக இருந்தது. இன்னொரு பாதுகாப்புக் கண்ணாடியும் சேர்த்துக் கொடுத்தனுப்பினேன்.

மார்ச் 8
செய்தித்தாளில் எந்தச் சொல்லைப் பார்த்தாலும் நடு எழுத்து இல்லை. மூக்குக்கண்ணாடியை மூன்று தரம் துடைத்தேன். இடது கண்ணை மூடினால்தான் அப்படி. வலது கண்ணை மூடினால் எல்லா எழுத்தும் இருக்கிறது.

மார்ச் 9
கண் மருத்துவர் நெடுநேரம் பார்த்தார். “பளிச்னு எதையாவது உத்துப் பாத்தீங்களா?”
“கண்ணாடி போட்டிருந்தேன்” என்றேன், வீட்டுப்பாடம் எழுதினேன், நோட்டு வீட்டில் இருக்கிறது என்று சொல்லும் பிள்ளை மாதிரி. விழித்திரையில், நடுவுக்குப் பக்கத்தில் சுட்டிருக்கிறதாம். குறையலாம், குறையாமலும் போகலாம். கட்டம் போட்ட தாள் ஒன்று கொடுத்தார். தினமும் காலையில் ஒற்றைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து, முன்பு செய்து அலமாரியில் போட்டிருந்த பழைய பச்சை லேசரிலும் சில்லைக் கழற்றி, செல்போன் கேமராவுக்கு முன்னால் என் பாதுகாப்புக் கண்ணாடியைப் பிடித்துச் சுவரில் அடித்தேன். நான் பக்கத்து அறையில், திரையை மட்டும் பார்த்தபடி. பச்சை முழுக்க மறைந்துவிட்டது. அது இருந்த இடத்தில் வெளிறிய ஊதாப் புள்ளி.

அகச்சிவப்பு. கேமராவுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது; பச்சையைத் தடுக்கும் கண்ணாடி அதைத் தடுக்காது. உள்ளே அதிலிருந்துதானே பச்சையே பிறக்கிறது. மிச்சத்தை அந்தச் சில்லு தடுத்துக்கொண்டிருந்தது. மீட்டருக்கு நிறமா தெரியும்? பிள்ளையைப் புத்தகப்பையோடு எடை போட்டுவிட்டு, வளர்ந்துவிட்டான் என்று கைதட்டியிருக்கிறேன். முப்பது வருஷம் ஒளியைப் பாடம் நடத்தினவ! ஸ்கேலில் பட்டுத் திரும்பியது கண்ணுக்குள் வந்திருக்கு, கூசக்கூட இல்ல.

தம்பி — அவன் வலது கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கித்தானே பிழைக்கிறான்?

இரண்டு முறை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. ‘லேசரை எரியவிடாதே’ என்று செய்தி அனுப்பினேன். பதில் வந்தது: ‘சரிக்கா. மன்னிச்சிடு.’

எதற்கு மன்னிப்பு? என்ன ஆச்சு இவனுக்கு?

மார்ச் 10
கடை திறக்கும் முன்பே போய் நின்றேன். உள்ளே தம்பி முட்டி போட்டுத் தரையைத் தூரிகையால் தடவிக்கொண்டிருந்தான்.

“கண்ணு தெரியுதாடா?”

“கோவிச்சுக்காதக்கா. வாங்கிட்டு வந்த அன்னிக்கே பிரிச்சுப் பாத்தேன். முன்னாடி ஒரு சில்லு உக்கார்ற இடம் காலியா இருக்கு. நான்தான் எங்கயோ தெறிக்க விட்டிருக்கேன். நாலு நாளா கடையப் பெருக்காம தேடறேன். உன் போன எடுக்கவே பயமா இருந்துச்சு.”

“எரிய விட்டுப் பாத்தியா?”

“ஒரு பாகம் குறையறப்ப எப்படிக்கா ஓட்டிப் பாப்பேன்?”

அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். கைப்பையிலிருந்து சில்லை எடுத்து அவன் தட்டில் வைத்தேன். என் கண்ணைப் பற்றியும் சொன்னேன்.

“என் முட்டிவலிக்கு யாருக்கா பதில்?” என்றான் பிறகு. சில்லை ஒரு சிறு டப்பாவில் போட்டு மூடினான்.

மார்ச் 11
மூன்று கட்டம் தெரியவில்லை.

ஏப்ரல் 20
ஒரு கட்டம். அது அப்படியேதான் இருக்கும் என்கிறார் மருத்துவர். சில்லைத் தம்பி பசை வைத்து உட்கார்த்திவிட்டான், மீட்டரில் அறுபத்தொன்று. அறுபத்தொன்றே போதும். இனி என்னுடையது எதையும் அவன் ஒருமுறை பிரித்துப் பார்க்காமல் எரியவிடுவதில்லை என்று ஏற்பாடு.

இன்று மாலை எனக்குப் பூதக்கண்ணாடியை என் நல்ல கண்ணில், இடதில், இடுக்கப் பழக்கினான். “மொகத்த இறுக்காதக்கா, தானா நிக்கும்.” இரண்டு முறை மேஜையில் விழுந்தது. மூன்றாவது முறை நின்றது.