உள்ளங்கையில் காயும் பெட்ரோல்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் முதல் வரியிலேயே பாதிப் பொய்யை எழுத மனசு வரவில்லை, ஆகவே யாருக்கும் காய்ச்சல் தலைவலி இல்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன், நீ நலமாக இருக்கிறாய் என்று நானே வைத்துக்கொள்கிறேன். போன வாரம் போனில் உன் குரல் கம்மியிருந்தது, கேட்டால் ஏசி என்றாய், கழுத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு படுத்தால் குறைந்தா போய்விடுவாய். இந்தக் காலத்தில் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போன் வந்தால் உங்கப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், மெசேஜ் அனுப்பலாம் என்றால் என் போன் பாதி நேரம் அவர் சட்டைப்பையில்தான் கிடக்கிறது. அவர் காதுக்கும் கண்ணுக்கும் எட்டாமல் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். உன் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் நம் தெரு வெல்டர் லீவு முடிந்து இன்று மத்தியானப் படகில் கிளம்புகிறார், புதன்கிழமைக்குள் உன் கையில் சேர்த்துவிடுவதாகச் சொன்னார். கடிதத்தோடு ஒரு துணிப் பொட்டலமும் இருக்கும், அதைக் கடைசியில் பிரி.

உன் தங்கைக்கு ஒன்பதாவது மாதம் நடக்கிறது. கால் இரண்டும் வீங்கி என் செருப்பைத்தான் போட்டுக்கொண்டு நடக்கிறாள், இப்போது அதுவும் பற்றவில்லை. வாய் மட்டும் வீங்கவில்லை, அது எப்போதும் போலத்தான். குழந்தை குறுக்கே கிடக்கிறது, ஆபரேஷன்தான், வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குள் அக்கரை ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா தேதி குறித்துவிட்டார். மாப்பிள்ளை வேலை இடத்திலிருந்து நேராக அங்கேயே வந்துவிடுவார். பாலத்தைச் சுற்றிப் போகலாமே என்பாய். மழையில் அந்த ரோடு ரோடாகவே இல்லை, மூன்று மணி நேரம் குலுங்கிக் குலுங்கிப் போக வேண்டும், அந்தக் குலுக்கல் ஆகவே ஆகாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகப் படகுதான். உங்கப்பா படகுதான், நீ வாங்கி அனுப்பிய இன்ஜின்தான். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

முதலில் இன்ஜினைப் பற்றி நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது நல்ல இன்ஜின். அது வந்த நாளிலிருந்து உங்கப்பாவின் நடையே மாறிவிட்டது. பழையது எதை ஊற்றினாலும் குடிக்கும், இருமிக்கொண்டே அக்கரை போய்ச் சேரும். இது பாதி நேரத்தில் ஆற்றைக் கடந்துவிடுகிறது. ஏறுகிறவர்களிடமெல்லாம் என் மகன் வாங்கிக் கொடுத்தது, சத்தமே இருக்காது பாருங்க என்று சொல்லாமல் கயிற்றை அவிழ்ப்பதில்லை. தினமும் படகில் வருகிற பேக்கரிக்காரர் இதை நூறு தடவை கேட்டுவிட்டார், இப்போதெல்லாம் உங்கப்பா வாயைத் திறக்கும் முன்பே அவரே சொல்லிவிடுகிறார். இன்னொரு அதிசயம், உங்கப்பா பாட ஆரம்பித்திருக்கிறார். உங்கள் இரண்டு பேருக்கும் ஒரு தாலாட்டுக்கூடப் பாடாத மனுஷன் ஒரு மாதமாக நடு ஆற்றில் தொண்டை கிழியப் பாடுகிறார், எனக்குத் துறையில் டிக்கெட் ஜன்னல் வரைக்கும் கேட்கிறது. மகன் பாசம் மனுஷனைப் பாகவதராக்கிவிட்டது என்று நர்ஸம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன். அப்படிச் சிரித்ததை நினைத்தால் இப்போது என் வாயிலேயே போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

காற்று மாதங்களில் நம் கரைப் பெட்ரோல் பங்குக்கு லாரி ஒழுங்காக வராது, அதற்கு முன்பே பெரிய டிரம்மை நிரப்பிக் கொட்டகையில் வைத்துக்கொள்வது உங்கப்பா வழக்கம், உனக்குத் தெரியாததா. இந்த வருஷமும் மூன்றரை மாதத்துக்கு முன்பே நிரப்பிவிட்டார். பங்கில் இரண்டு குழாய் இருக்கிறது, ஒன்று சாதாரணம், இன்னொன்று விலை கூடின பெரிய நம்பர் பெட்ரோல். எதை வாங்குவது என்று உன்னிடம் போனில் கேட்டார், நீ ஏதோ அவசரத்தில் எந்தப் பெட்ரோல்னாலும் ஓடும்பா என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். உனக்கு அது ஒரு வார்த்தை, அவருக்கு அது கல்வெட்டு. சாதாரணத்தை வாங்கினார். தன் திருப்திக்குச் சோதித்தும் பார்த்தார், எப்படி, இரண்டு சொட்டை உள்ளங்கையில் விட்டு. சில்லென்று சட்டெனக் காய்ந்து கறை விடாமல் போனால் நல்ல பெட்ரோல், பிசுபிசுத்தால் மண்ணெண்ணெய் கலந்தது. அந்தக் காலத்தில் அந்தக் கை பொய் சொன்னதே இல்லை. ஆனால் இப்போது வருவது ஆல்கஹால் கலந்த பெட்ரோல். ஊசி போடும் முன் கையில் தேய்ப்பார்களே, அது எவ்வளவு சில்லென்று இருக்கும். அதனால் ஆல்கஹால் கூடக்கூட அவர் கை அதை நல்ல பெட்ரோல் என்றே சொல்கிறது. அவர் அந்தக் கையைத்தான் நம்புகிறார்.

போன மாதத்திலிருந்து ஒரு சத்தம். படகு காலியாகப் போகும்போது இல்லை, ஆளை ஏற்றிக்கொண்டு நீரோட்டத்தை எதிர்த்து முறுக்கும்போது மட்டும் டக டகவென்று, தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டுகிற மாதிரி. இருபத்திரண்டு வருஷமாக அந்த ஜன்னலில் டிக்கெட் கிழிக்கிறவள் நான், படகு எந்தக் கம்பத்தைத் தாண்டுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். உங்கப்பாவிடம் கேட்டால் எனக்கு ஒண்ணும் கேக்கலியே, உன் காதுல ஏதாச்சும் பூச்சி போயிருக்கும் என்றார். வயசாகிவிட்டது, இன்ஜின் பக்கத்திலேயே உட்கார்ந்து உட்கார்ந்து காது மந்தமாகிவிட்டது என்று நானும் விட்டுவிட்டேன். போன செவ்வாய்க்கிழமை பதினொரு பேரை ஏற்றிக்கொண்டு போகையில் நடு ஆற்றில் இன்ஜின் நின்றது. தண்ணீர் கடலுக்கு இறங்குகிற நேரம். படகு மெதுவாக மூக்கைத் திருப்பிக்கொண்டு முகத்துவாரத்தைப் பார்த்துப் போக ஆரம்பித்தது, அங்கே மணல்திட்டில் அலை வெள்ளையாக உடைவது எனக்கு ஜன்னலிலிருந்தே தெரிகிறது. அவர் கயிற்றை இழுக்கிறார், இழுக்கிறார், ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ பிடித்துக்கொண்டது. கரைக்கு வந்ததும் பாசி சுத்திக்கிச்சு, நான்தான் நிறுத்தினேன் என்று எல்லோரிடமும் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் படி இறங்கிப் போய்ப் பார்த்தேன். தண்ணீருக்குள் சுற்றுகிற இன்ஜின் காற்றாடியில் ஒரு நூல் பாசி இல்லை, கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது.

அன்றைக்கு அவர் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரத்தில் டூல் பெட்டியைத் திறந்தேன். அடியில் சாக்குத் துணியில் சுற்றி, இன்ஜினிலிருந்து கழற்றிய ஒரு ஸ்பார்க் பிளக். எடுத்துக்கொண்டு போய்க் கண்ணாடி மெக்கானிக்கிடம் காட்டினேன், தெரியுமே, சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருப்பாரே, அவரேதான். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அக்கா இது வெந்துபோன பிளக், இந்த இன்ஜினுக்குப் பெரிய நம்பர் பெட்ரோல்தான் ஊத்தணும், அதுவும் ஒரு மாசத்துக்கு மேல பழசாகக் கூடாது, சின்ன நம்பரை ஊத்தி முறுக்கினா நேரம் தப்பி உள்ளயே வெடிக்கும், அந்தச் சத்தம்தான் உங்களுக்குக் கேக்குது, இப்படியே விட்டா பிஸ்டன்ல ஓட்டை விழுந்துரும் என்றார். வீட்டுக்கு வந்து இன்ஜினோடு வந்த புத்தகத்தை உன் தங்கையிடம் கொடுத்துக் கடைசிப் பக்கத்தைப் படிக்கச் சொன்னேன், அவளிடம் காரணம் சொல்லவில்லை. வார்த்தைக்கு வார்த்தை அதேதான். மெக்கானிக் ஒரு நீளக் குழாயும் கொடுத்திருந்தார், கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும். டிரம்மின் அடி வரைக்கும் விட்டு மேல் வாயைக் கட்டைவிரலால் அடைத்துத் தூக்கிப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். மேலே மஞ்சளாக இருக்கிறது, அடியில் நாலு விரல் உயரத்துக்குக் கலங்கின தண்ணீர் மாதிரி தனியாக நிற்கிறது. ஈரக் காற்றில் கிடந்து கிடந்து ஆல்கஹால் தண்ணீரை இழுத்துக்கொண்டு அடியில் இறங்கிவிட்டது, மேலே இருப்பதற்கு இருந்த கொஞ்சம் சத்தும் போய்விட்டது. உங்கப்பா பெட்ரோல் எடுக்கிற டியூப் அடியைத் தொடாமல் கொஞ்சம் மேலேதான் நிற்கும், அதனால்தான் இன்றுவரை அந்த டக டகச் சத்தத்தோடு போகிறது. மட்டம் இப்போது அந்த டியூப் வாய்க்குக் கிட்டே வந்துவிட்டது. இன்னும் நாலு நாள் சவாரிக்கு வரும், அப்புறம் டியூபை அடி வரைக்கும் இறக்கிவிடுறேன் என்று சனிக்கிழமை சொன்னார். ஞாயிறு படகு இல்லை. நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன், நாலாவது நாள் வியாழன். வெள்ளிக்கிழமை காலையில் அடியில் இருப்பதுதான் வரும்.

நீ கேட்பாய், இதையெல்லாம் அவரிடம் சொன்னாயா என்று. சொல்லாமல் இருப்பேனா. மகனே சொல்லிட்டான், நீ என்ன அவனைவிடப் பெரிய இன்ஜினியரா என்றார், முயலுக்கு மூன்றே கால். அந்தக் குழாயைக் கண்ணெதிரே தூக்கிக் காட்டினேன், திரும்பிக்கூடப் பார்க்காமல் வெளிச்சத்துல அப்படித்தான் தெரியும் என்றார். சரி என்று மெக்கானிக்கிடம் சொல்லி அக்கரையிலிருந்து ஒரு கேன் பெரிய நம்பர் வரவழைத்தேன். மனுஷன் அதைத் திறந்து முகர்ந்து பார்த்தார், உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டார், ரெண்டும் ஒண்ணுதான் என்று சொல்லிவிட்டு டிரம்முக்குள்ளேயே ஊற்றிவிட்டார். சரக்குப் படகுக்காரரிடம் போய் வெள்ளிக்கிழமை என் மகளை நீங்கள் ஏற்றிக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். உங்க வீட்டுக்காரர் படகு இருக்கும்போது நான் ஏத்தினா அப்புறம் அவர் மூஞ்சில எப்படி முழிப்பேன், அவரை ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கம்மா என்கிறார். அவர் எங்கே சொல்வார்.

இதுவரைக்கும் பிடிவாதம் என்றுதான் நினைத்தேன் கண்ணு. புது இன்ஜின் வந்த அன்றே துடுப்பு இரண்டையும் கொட்டகையில் சாத்திவிட்டார், இந்த இன்ஜினை வெச்சுக்கிட்டுத் துடுப்பையும் தூக்கிட்டுப் போனா அது என் மகனுக்கு அவமானம் என்று. செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு நான் யாருக்கும் தெரியாமல் அவற்றைப் படகுப் பலகைக்கு அடியில் கொண்டுபோய் வைத்தேன். பார்த்தால் எடுத்து வெளியே போடுவார், சண்டை வரும், வரட்டும் என்று இருந்தேன். சண்டை வரவில்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமை படகைக் கழுவப் போனபோது பார்க்கிறேன், துடுப்பு அங்கேயே இருக்கிறது, புதுக் கயிறு சுற்றியிருக்கிறது, துடுப்பு மாட்டுகிற வளையம் இரண்டிலும் புதிதாகக் கிரீஸ் தடவியிருக்கிறது. நான் தடவவில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவருக்குக் காது நன்றாகவே கேட்கிறது. சத்தம் வருகிற இடத்தில்தான் பாடுகிறார், ஏறியிருக்கிறவர்கள் காதில் அது விழக்கூடாது என்று பாடுகிறார். இன்ஜினே சொத்தை, மகன் ஏமாந்துபோய் வாங்கிவிட்டான், வெளியில் தெரிந்தால் அவனுக்குத்தான் தலைகுனிவு என்று அந்த மனுஷன் உள்ளுக்குள் முடிவு கட்டிக்கொண்டு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருக்கிறார். எனக்குக் கோபமும் வருகிறது, அழுகையும் வருகிறது. பயந்துகொண்டேதான் தினமும் ஆற்றில் இறங்குகிறார், பயந்துகொண்டேதான் வெள்ளிக்கிழமை தன் மகளையும் ஏற்றப் போகிறார்.

அதனால் நீதான் பேச வேண்டும், வேறு யார் சொன்னாலும் ஏறாது. புதன்கிழமை கடிதம் கிடைத்தவுடன் கூப்பிடு, வியாழன் என்று தள்ளிப் போடாதே. நான் எழுதியதாகச் சொல்லாதே, புத்தகத்தை இப்போதுதான் கம்ப்யூட்டரில் பார்த்தேன் என்று சொல், கூப்பிடும் முன் நிஜமாகவே பார்த்துவிடு, பொய்யாகிவிடக் கூடாது. எடுத்த எடுப்பில் பெட்ரோல் என்று ஆரம்பிக்காதே. இன்ஜின் நல்ல இன்ஜின்பா, ஒரு குறையும் இல்லை, நான்தான் தெரியாமல் எதை வேண்டுமானாலும் ஊற்றச் சொல்லிவிட்டேன், தப்பு என் மேல்தான் என்று முதலில் சொல். அது உண்மைதானே, சொல்ல உனக்குக் கசந்தாலும் சொல். அதற்குப் பிறகு டிரம்மைத் தொடாதீங்க, டேங்க்கைக் காலி பண்ணிவிட்டு அக்கரைப் பங்கிலிருந்து புதிதாகப் பெரிய நம்பர் வாங்கி ஊற்றுங்க, மெக்கானிக் ஒரு தடவை பார்க்கட்டும் என்று சொல், பிஸ்டன் இன்னும் தாங்குமா என்பது அவர் திறந்து பார்த்தால்தான் தெரியும். தாங்காது என்றால் சரக்குப் படகில் போங்க என்று நீ சொன்னால் போவார். வெள்ளிக்கிழமை எட்டு மணிக்குத் தண்ணீர் கடலுக்கு இறங்கும், ஜன்னல் பக்கத்தில் ஒட்டியிருக்கிற, நீர் ஏறி இறங்கும் நேரம் போட்ட தாளில் பார்த்துவிட்டேன். படகில் நான், உன் தங்கை, அவள் வயிற்றில் இருப்பது, உங்கப்பா. இதில் நீச்சல் தெரிந்தது அவர் ஒருவருக்குத்தான். இப்போது பொட்டலத்தைப் பிரி. அந்தப் பிளக்கின் வெள்ளையான நுனியைப் பார், சுண்ணாம்பு மாதிரி வெந்து கொப்பளித்திருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே அவரிடம் பேசு.

மற்றபடி நேரத்துக்குத் தூங்கு, வேலை இடத்தில் அவசரத்தில் யாருக்கும் வாக்குக் கொடுக்காதே, அவசரமாகச் சொன்ன ஒரு வார்த்தை எங்கெல்லாம் போய் நிற்கிறது என்று பார்த்தாயா. உன்னைத் திட்டவில்லை, அம்மாவுக்கு மனசு தாங்கவில்லை, அவ்வளவுதான். நீ நீண்ட ஆயுளோடு, கண்ணுக்கு எதிரே ஒரு கெட்டதும் வராமல், நன்றாக இருக்க வேண்டும். புதன்கிழமை என்பதை மறக்காதே.

இப்படிக்கு,
ஜன்னலில் உட்கார்ந்து ஆற்றையே பார்த்துக்கொண்டிருக்கும்
உன் அம்மா

பின்குறிப்பு: இந்தக் கடிதம் உன் கையில் இருந்தால் இன்றைய மத்தியானப் படகு ஒழுங்காகக் கரை சேர்ந்தது என்று அர்த்தம். வெல்டரிடம் கேட்டுப் பார், நடு ஆற்றில் உங்கப்பா பாடினாரா என்று. எவ்வளவு நேரம் பாடினார் என்றும் கேள்.